முப்பத்து நான்கு அடிச் செம்பு

உடப்புசல்லாவை
2024 ஒக்டோபர் 7

அன்புள்ள தம்பி துஷாந்துக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ, நிஷாந்தி, என் மருமகள் தனுஜா மூன்று பேரும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. இங்கே டவரில் இருந்த செம்பு வயரை மூன்றாவது தடவையும் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். திருத்தித் திருத்திக் கம்பனிக்காரர்களுக்கும் அலுத்துவிட்டது. போன் இப்போது மணி பார்க்கத்தான் உதவுகிறது. உன் திம்புள்ள தேயிலைத் தோட்டத்துக்கு எழுதினால் கடிதம் ஆபீசில் வாரக்கணக்கில் கிடக்கும். அதனால் ஹட்டன் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை எங்கள் பாடசாலை இடிதாங்கியின் செம்புப் பட்டையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூரையிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் பட்டை. இப்போது மேலே கம்பி மட்டும் நிற்கிறது. சோலார் பலகை தந்த அமைப்புத்தான் அதையும் போட்டுத் தந்தது. நாங்கள் இருப்பது மலை உச்சியில் என்பது உனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் வாசல் சவுக்கு மரத்தில் இடி விழுந்து, ஐந்தாம் வகுப்பு லோஜினிக்கு ஒரு காது போனது. அதற்குப் பிறகுதான் அந்தப் பட்டையே வந்தது.

இது ஒக்டோபர். மதியம் ஒரு மணியானால் மேகம் இறங்கிவிடுகிறது. என்னிடம் அறுபத்து மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி.

நீ பழைய இரும்புக் கடையில்தானே இருக்கிறாய். ஒரு அங்குல அகலப் பட்டை, பச்சை பெயின்ட் அடித்தது, யாராவது கொண்டு வந்தால் விடாதே. வாங்கி வைத்துவிட்டு எனக்கு எழுது. மருமகளுக்கு முத்தம்.

உன் அக்கா
சுதர்ஷினி


ஹட்டன்
2024 ஒக்டோபர் 12

என் மேல் எப்போதும் கோபமாகவே இருக்கும் என் அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நாங்கள் சுகம். கடையில் எனக்குக் கடிதம் வந்ததைப் பார்த்து எல்லாரும் யார் அந்தப் பெண் என்று கேட்டார்கள். டீச்சர் என்றேன், அடங்கிவிட்டார்கள்.

பச்சைப் பட்டை எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் வியாழக்கிழமை லொறியில் கொழும்புக்குப் போயிருக்கும். முதலாளி ஷிஹாப் நானாவின் கடையில் ஒரே ஒரு சட்டம்தான். எடை பார்க்கலாம், எங்கே எடுத்தது என்று கேட்கக் கூடாது. நானும் சேர்ந்த புதிதில் ஒருவனிடம் கேட்டுவிட்டேன். நானா என்னைத் தனியே கூப்பிட்டு, "கேட்டா பொய்தான் சொல்லுவான். சும்மா இருக்கிற மனுசன எதுக்குப் பொய் சொல்ல வைக்கிற" என்றார். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

செம்புக்கு இப்போது என்ன மவுசு தெரியுமா? லொறியில் வருகிற கொழும்பு ஆள் கதை கதையாகச் சொல்கிறார். கரண்ட் கார் ஒன்றுக்கு எண்ணெய்க் காரைப் போல மூன்று நான்கு மடங்கு செம்பு வேண்டுமாம். காற்றாலை, சோலார், பெரிய பெரிய கரண்ட் லைன் எல்லாவற்றுக்கும் செம்புதானாம். உலகமே புகையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வருகிறது. ஆனால் பழைய சுரங்கங்களில் இப்போது கல்தான் அதிகமாம், புதிதாக ஒன்று திறக்கப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகுமாம். அதுவரைக்கும் எங்கே போவது? சுவருக்குள் இருப்பதைத்தான் உருவ வேண்டும் என்று சொல்லிச் சிரிக்கிறார். நல்ல மனுஷன், தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பார்.

இடி இடித்தால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தனுஜா எழுந்து நிற்கப் பழகிவிட்டாள். நிஷாந்தி கொழுந்து பறிக்கப் போகும்போது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் மற்றப் பிள்ளைகளோடு விட்டுவிட்டுப் போகிறாள். புதுக் கட்டிடம், உங்களுக்குச் சோலார் தந்தவர்கள்தான் இங்கேயும் கட்டித் தந்திருக்கிறார்கள். நான் இருட்டோடு போய் இருட்டோடு வருவதால் இன்னும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

உங்கள் தம்பி
துஷாந்த்


உடப்புசல்லாவை
2024 ஒக்டோபர் 17

தம்பிக்கு,

வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று சுலபமாக எழுதிவிட்டாய். செவ்வாய்க்கிழமை அதைத்தான் செய்தேன். பன்னிரண்டரைக்கே இருட்டியது. அதிபர் லீவு, பொறுப்பு என்னிடம். பிள்ளைகளை வரிசையாக அனுப்பிவிட்டு வாசலில் நின்றேன். அவர்கள் தேயிலைக்கு நடுவே நடுப்பாதைக்குப் போனபோது மின்னியது. மொட்டைமலையில் அறுபத்து மூன்று தலைகள், ஒதுங்க ஒரு கூரை இல்லை. கூப்பிட்டால் திரும்பி ஓடி வருவார்கள், அதற்கும் அவ்வளவு நேரம் ஆகும். கூப்பிடவும் முடியாமல், போ என்று சொல்லவும் முடியாமல் நின்றேன். கடைசிப் பிள்ளை லயத்து வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் அப்படியே படியில் உட்கார்ந்தேன்.

அதனால் நேற்று உள்ளேயே வைத்துக்கொண்டேன். சுவரிலிருந்து தள்ளி, மண்டபத்தின் நடுவில், காலைச் சேர்த்துக் குந்தியிருக்கச் சொன்னேன். விளையாட்டு என்று சொன்னேன். லோஜினி மட்டும் நல்ல காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வலயக் கல்விக் காரியாலயத்துக்குப் போனேன். செம்புக்கு இந்த வருஷம் ஒதுக்கீடு இல்லையாம். அமைப்புக்கு எழுதினேன். பட்டைக்கு ஓடர் கொடுத்திருக்கிறார்கள், மார்ச் மாதத்துக்கு முன் வராதாம், எல்லா நாட்டிலும் தட்டுப்பாடாம். தேயிலை பெக்டரி எலெக்ட்ரீசியன் திலக்ஷன் வந்து பார்த்தார். கூரை நிறைய உலோகத்தை வைத்துக்கொண்டு மண்ணுக்கு வழி விடாமல் இருப்பது இடிதாங்கியே இல்லாமல் இருப்பதைவிட மோசம் என்றார்.

துஷாந்த், எனக்கு முப்பத்து நான்கு அடிப் பட்டை வேண்டும். என் சம்பளத்தில் தருகிறேன். லொறியில் ஏற்றுவதற்கு முன் எடுத்து வை. எங்கே இருந்து வந்தது என்று நானும் கேட்க மாட்டேன்.

சுதர்ஷினி


ஹட்டன்
2024 ஒக்டோபர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

அக்கா கேட்டு நான் இல்லை என்று சொன்னதுண்டா? சொன்னதுண்டு, ஆனால் இந்த முறை இல்லை. இந்தக் கடிதத்தோடு நுவரெலியா பஸ்சில் ஒரு மூட்டை வருகிறது. ஸ்டாண்டில் உங்கள் ஊர் டிரைவரிடம் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். அரிசி என்று சொல்லியிருக்கிறேன், அரிசி இவ்வளவு பாரமா என்று கேட்டால் நீங்கள் ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள்.

நேற்றுப் பின்னேரம்தான் வந்தது. கட்டியபடியே தராசில் வைத்தேன், கட்டியபடியே அனுப்புகிறேன். நீளம் போதும் என்று கொண்டு வந்தவன் சொன்னான். நானா வாங்கிய விலைக்கே விட்டுவிட்டார். பிள்ளைகளுக்கு என்றதும் அவருக்கு மனது இளகிவிட்டது. நீங்கள் கேட்க மாட்டேன் என்று எழுதியது எனக்குப் பெரிய ஆச்சரியம். சின்ன வயதில் என் கையில் ஒரு கொய்யாப்பழம் இருந்தால்கூட யார் மரத்தில் பறித்தது என்று கேட்டு அடிப்பீர்களே.

தீபாவளிக்குக் கடை பூட்டு. ஒரு நாளாவது பகலில் என் மகளைப் பார்க்கப் போகிறேன்.

துஷாந்த்


உடப்புசல்லாவை
2024 ஒக்டோபர் 28

அன்புள்ள தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். பட்டை வந்து சேர்ந்தது. வியாழக்கிழமையே திலக்ஷன் கூரையிலிருந்து மண் வரைக்கும் பூட்டித் தந்தார். வெள்ளிக்கிழமை மதியம் இடி விழுந்தது.

எங்கள் கூரையில்தான் விழுந்தது தம்பி. வெடித்த சத்தத்தில் கண்ணாடி ஒன்று உடைந்தது, வாயில் இரும்புச் சுவை வந்தது. கண்ணைத் திறந்து எண்ணினேன். அறுபத்து மூன்று. திரும்ப எண்ணினேன். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. வெளியே பட்டை இறங்குகிற இடத்தில் புல் மட்டும் கருகியிருந்தது. உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

இனி எழுதுவதை நான் போன வாரமே எழுதியிருக்க வேண்டும். மூட்டையைப் பிரித்தபோது பிள்ளைகள்தான் முதலில் பார்த்தார்கள். பட்டையில் மஞ்சள் பெயின்ட். அதன் மேல் படங்கள். சுவரில் வரைந்தபோது பட்டையையும் சேர்த்து வரைந்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் வாத்தின் அலகு, இரண்டடி தள்ளி அதன் கால், அப்புறம் வண்ணத்துப்பூச்சியின் ஒரு பக்கம். "டீச்சர், இதுல வாத்து இருக்கு" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திலக்ஷன் என்னைப் பார்த்தார். பூட்டுங்கள் என்றேன்.

பெக்டரியிலும் கோயிலிலும் யாரும் வாத்து வரைவதில்லை. கேட்க மாட்டேன் என்றேன், இப்போது கேட்கிறேன். அது எந்த ஊர்ப் பிள்ளைகளுடையது?

அக்கா


திம்புள்ள
2024 நவம்பர் 1

அக்கா,

உங்கள் கடிதம் தீபாவளிக்கு முதல் நாள் கடைக்கு வந்தது. நேற்றுக் காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு தனுஜாவைத் தூக்கிக்கொண்டு சும்மா நடந்தேன். மனது சரியில்லை. கால் பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டு போனது. பூட்டியிருந்தது. பக்கச் சுவர் மஞ்சள். சுவர் நிறைய வாத்து. மூலையில் கூரையிலிருந்து நிலம் வரை ஒரு அங்குல அகலத்துக்குப் பெயின்ட் இல்லாமல் வெறும் சீமெந்து. ஒரு வாத்துக்கு அலகு இல்லை. தனுஜா அதைக் கையால் தொட்டு "பாக் பாக்" என்றாள்.

நான்தான் அக்கா அதை எடை போட்டேன். கொண்டு வந்தவன் எங்கள் தோட்டத்துக்காரன், முகம் தெரியும். நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இருபத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், நடக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம். பிள்ளை பார்க்கிற பேச்சியம்மா தனி ஆள். இடி வந்தால் எத்தனை பேரைத் தூக்குவார்? தோட்டத்தில் சொன்னேன், பார்ப்போம் என்றார்கள். அன்றைக்கே மழை பிடித்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் நான் எழுந்து நின்றேன். பிள்ளை மடியில்தான் இருந்தது, அப்படியும் எழுந்து நின்றேன்.

பட்டையைத் திருப்பி அனுப்புங்கள். முதல் பஸ்சில் அனுப்புங்கள். வேறு செம்பு கிடைத்ததும் முதலில் உங்களுக்குத்தான், சத்தியமாக.

துஷாந்த்


உடப்புசல்லாவை
2024 நவம்பர் 5

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நேற்றுப் பள்ளி விட்டதும் திலக்ஷனை வரவழைத்தேன். ஏணி வைத்து ஏறினார். முதல் ஆணியைக் கழற்ற ஸ்பேனரை வைத்தபோது வேண்டாம் என்றேன். இறங்கிவிட்டார். ஏணியையும் எடுத்துக்கொண்டு போனார்.

என்னால் முடியவில்லை. அந்தச் சத்தத்தை நீ கேட்கவில்லை. அது எங்கள் கூரைக்கு வந்தது, வந்த இடத்துக்குத் திரும்பவும் வரும். உங்கள் காம்பரா பள்ளத்தில் இருக்கிறது, சுற்றிலும் மரம் இருக்கிறது. எங்களுடையது உச்சி. இப்படியெல்லாம் கணக்குப் பார்த்து எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் லோஜினியின் அம்மா நேற்று வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கள நம்பித்தான் டீச்சர் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் நான் என்ன சொல்வது?

தனுஜாவை இங்கே கொண்டு வந்து விடு. மார்ச் வரைக்கும் நான் வைத்துக்கொள்கிறேன். மண்டபத்தில் ஒரு பாயில் போட்டுப் பார்த்துக்கொள்வேன். இங்கே பயமில்லை. இதையாவது எனக்குச் செய்ய விடு.

உன் அக்கா


ஹட்டன்
2024 நவம்பர் 17

அக்காவுக்கு,

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் ஏணியை எடுக்கச் சொல்லியிருப்பேன். தனுஜாவை அனுப்ப மாட்டோம். உங்கள் கடிதத்தை நிஷாந்திக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "மத்த இருபத்தொரு புள்ளைங்களுக்கு எந்த அத்தை இருக்காங்க" என்றாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். உங்களிடம் பதில் இருந்தால் அவளுக்கு எழுதுங்கள். எனக்கு வேண்டாம்.

பிள்ளைக் காம்பராவுக்குப் பட்டை போட்டாகிவிட்டது. போன சனிக்கிழமை நானே பூட்டினேன். மூட்டை நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து வந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கொண்டு வந்தவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். பேச்சியம்மா எனக்குத் திருநீறு பூசி விட்டார்.

இப்போது தோட்டத்துப் பக்கம் இடித்தால் நிஷாந்தி நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. உங்கள் பக்கம் மேகம் போனால் எனக்கும் பயமில்லை. கடை வாசலில் நின்றால் நோட்டன் பிரிட்ஜ் மலை தெரியும். அங்கே மின்னினால்தான் தராசை விட்டுவிட்டு வாசலுக்குப் போய் நிற்கிறேன். அங்கே யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், எந்தக் கூரை, ஒன்றும் எனக்குத் தெரியாது.

துஷாந்த்