பாண் ஓட்டோவில் ஜப்பான் பாட்டு

கொக்கிளாயில் சுகமாய்க் குடியிருப்பவருக்கு,

காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் பணிஸும் விற்றுக்கொண்டு ஆறரைக்கு உங்கள் வாசல் படலையடியில் நிற்கும் பாண் ஓட்டோ என்னுடையதுதான். எல்லாப் பாண் ஓட்டோவும் ஆட்களைக் கூப்பிடப் போடுகிற மெட்டை எடுத்துவிட்டு, பள்ளிக்கூட நாளில் நாம் ரீவியில் கேட்ட அந்த ஜப்பான் காட்டூன் பாட்டைப் போட்டிருக்கிறேன்.

ஒரு சொல்லும் விளங்காமலே இருவரும் அதைப் பாடமாக்கினோம். "'காத்திரு, கட்டாயம் வருவன்' எண்டுதான் பாடுறாங்கள்" என்று நீங்கள் கட்டாருக்கு வேலைக்குப் போன அன்று சொன்னீர்கள். ஒன்பது வருடம் நம்பினேன். போன மாதம்தான் போனில் கருத்தைத் தேடிப் பார்த்தேன். பள்ளிக்குப் பிந்திப்போன பிள்ளை ஓடுகிற பாட்டாம் அது.

உங்கள் மனைவி நல்ல பெண். தினமும் இரண்டு பணிஸ் வாங்குவார். இன்று காலை கேட்டார்: "அக்கா, இந்தப் பாட்டுக்கு என்ன கருத்து? இதைக் கேட்டாலே இவர் குசினிக்குள்ள ஓடி ஒளியிறார்."

"நாளைக்குச் சொல்லுறன் தங்கச்சி" என்றேன்.

அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை, நீங்கள் தொழிலுக்குப் போகிற உங்கள் படகில் வைத்துவிட்டுப் போகிறேன். நாளை பாண் வருவதற்கு முன் நீங்களே சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் நான் ஓட்டோவை நிறுத்திவைத்து ஆறுதலாக, முதலிலிருந்து சொல்லுவேன்.

இப்படிக்கு,
சொன்ன நேரத்துக்கு வருகிறவள்