ஹஃப்ஸா பார்த்த பிறை

பிப். 16, திங்கள்

பகலில் வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. சாயந்திரம் மட்டும் சிறுமலைப் பக்கமிருந்து கொஞ்சம் காற்று.

ஹஃப்ஸாவுக்கு யூகேஜியில் இந்த மாதம் 'வானம்'. சூரியன், நிலா, நட்சத்திரம் பற்றி ஐந்து வரி சொல்ல வேண்டும். நோன்புக்கு வாங்கிய தர்பூசணிதான் சூரியன். பூமி ஒரு கடுகு. நிலா கசகசா.

"சூரியனை நோன்பு தொறக்கும்போது வெட்டிரலாமாம்மா?"

சிரித்துச் சிரித்து கசகசா தொலைந்தது. பி.எஸ்.சி. இயற்பியல் இதற்காவது உதவுகிறதே.

நாளைக்கு: சார்ட், பசை, சமோசா மாவு, கேஸ் சொல்லணும்.

பிப். 17, செவ்வாய்

மொட்டை மாடியில் ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரம் காட்டினேன். "தெரியுதா?" "தெரியுது." நிமிர்ந்துகூடச் சரியாகப் பார்க்கவில்லை. அவசரம். கீழே கார்ட்டூன்.

எதிலும் கவனம் இல்லையோ? போன வருஷம் எல்.கே.ஜி. மிஸ்ஸும் இதையேதான் சொன்னார். போர்டைப் பார்ப்பதில்லையாம், பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதுகிறாளாம். மனசு அடித்துக்கொள்கிறது. என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "அஞ்சு வயசுல என்ன கவனம்? சும்மா இரு."

பிப். 18, புதன்

தராவீஹ் தொழுது எல்லாரும் படுத்தாச்சு. சஹர் சாப்பாட்டுக்கு அலாரம் வைத்தாச்சு. எனக்குத் தூக்கம் வரவில்லை.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு தெருவே மாடியில். மேகம் இல்லை. பிறை பார்த்தவர்களிடம் சாட்சி கேட்டு ஜமாஅத்துக்குச் சொல்வது என் மாமனார்தான். யாரும் வாயைத் திறக்கும் முன்னால் ஹஃப்ஸா குதித்தாள்: "அந்தா பிறை! நாந்தான் மொதல்ல பாத்தேன்!"

கை நீட்டிய பக்கம் மேற்கு இல்லை. தண்ணீர்த் தொட்டி.

அடுத்த மாடியில் சிரிப்பு. "ஏலே, சின்டெக்ஸ்ல பிறை ஏறிருச்சுடோய்!"

மாமா சிரிக்கவில்லை. "பாக்காம பாத்தேன்னு சொல்லக் கூடாது அப்பு. பிறைக்குச் சாட்சி சொல்றது பெரிய காரியம்" என்றார், மெதுவாகத்தான். எனக்குத்தான் முகம் எரிந்தது. கீழே கூட்டி வந்து முதுகில் ஒன்று வைத்தேன். "பொய் சொல்லுவியா?" அழவில்லை. என்னையே பார்த்தாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

முதல் பிறை அன்று பிள்ளையை அடித்தேன். யா அல்லாஹ்.

பிப். 19, வியாழன்

முதல் நோன்பு. தலைவலி. கஞ்சியில் உப்பு கம்மி.

அஸர் தொழுகைக்கு அப்புறம் ஷமீமா அடுப்படிக்கு வந்தாள். வீட்டுக்காரர் தங்கை, ஹஃப்ஸாவுக்குக் குப்பி. குரலே வேறு மாதிரி. "மதினி, செத்த வாங்களேன். இவ சொல்றதைக் கேளுங்க."

"நட்சத்திரம் எங்க இருக்கும்னு குப்பிகிட்ட சொன்னியே, அம்மாகிட்ட சொல்லு."

"சார்ட்டுல."

"வானத்துல?"

"வானத்துல கறுப்புதான் இருக்கும்."

"நிலா?"

"பஞ்சு மாதிரி. பெரிசா."

"அப்ப ஏன்டி தெரியுதுன்னு சொன்ன?" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க?"

பேர் கூப்பிட்டால் 'ப்ரசண்ட் மிஸ்' சொல்வது மாதிரி அதையும் சொல்லியிருக்கிறாள். மாடிக்குப் போனால் "தெரியுது" சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு.

கூடத்தின் அந்தப் பக்கம் நின்று மூன்று விரலைக் காட்டினேன். "அஞ்சு" என்றாள். ரெண்டடி முன்னால் போனேன். "ரெண்டு." இன்னும் கிட்டே போன பிறகுதான் "மூணு".

லென்ஸ், குவியத் தூரம் எல்லாம் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதினவள் நான். கண்டுபிடித்த ஷமீமா பிளஸ் டூ.

பிப். 20, வெள்ளி

கண் டாக்டரிடம் நாளை காலை பத்து மணி. ஃபோனில் எதையும் தேடக் கூடாது என்றிருந்தேன். தேடினேன்.

பிப். 21, சனி

சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைத்தார்கள். மடியில் அவள். நான் துஆ ஓதிக்கொண்டே இருந்தேன்.

"அம்மா, சூரியன் இப்ப தூங்குதா?"

"இல்லடா. நீதான் கண்ணை மூடியிருக்க."

ரெண்டு கண்ணிலும் மைனஸ் நாலரை. எனக்குக் காது அடைத்துவிட்டது. டாக்டரம்மாதான் கையைத் தட்டிக் கூப்பிட்டார். "ஏம்மா அழுறீங்க? நரம்பெல்லாம் நல்லாருக்கு. கண்ணாடி போட்டா பளிச்சுனு தெரியும். இன்னும் ரெண்டு மூணு வருசம் விட்டிருந்தா மூளைக்குப் பாக்குற பழக்கமே சரியா வந்திருக்காது. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பிறை பாக்கச் சொன்னோம் டாக்டர்."

அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ். ஷமீமாவுக்குப் பெருநாளைக்கு அவள் கேட்கிற அந்தப் பச்சை சுடிதார், கட்டாயம்.

வீட்டில் மாமிக்கு வருத்தம். "பொட்டப்புள்ளைக்கு இந்த வயசுலயா கண்ணாடி?" மாமா: "நீ மட்டும் கண்ணாடி இல்லாம அரிசி பொறுக்குவியாக்கும்?"

பிறகு மாமா ஹஃப்ஸாவைக் கூப்பிட்டு, தாத்தா அன்னைக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றார். நானும் மாஃப் கேட்டேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன். "வலிக்கவே இல்லம்மா" என்றாள். இதுவும் எனக்காகச் சொன்னதோ என்று நெஞ்சுக்குள் ஒரு முள்.

பிப். 24, செவ்வாய்

கண்ணாடி வெள்ளிக்கிழமைதானாம். மிஸ்ஸிடம் சொல்லி முதல் பெஞ்சு மாற்றியாச்சு. நல்ல மனுஷி, அவர் கண்ணும் கலங்கிவிட்டது. ஐந்து வரியில் நாலு மனப்பாடம்.

பிப். 27, வெள்ளி

கண்ணாடி வந்தாச்சு. நீல ஃபிரேம், அவளே எடுத்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்கவே விடவில்லை. கடை போர்டு ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டுகிறாள். "அம்மா, வேப்ப மரத்துல தனித்தனியா எல இருக்கு!"

நோன்பு திறந்து, தொழுது, மாடிக்குப் போனோம். நிலா வளர்ந்து தலைக்கு மேலே. பக்கத்திலேயே பளீரென்று ஒன்று, வியாழன். ஹஃப்ஸா நிமிர்ந்து பார்த்தாள். என் முந்தானையைப் பிடித்தபடி ஒரு சுற்று சுற்றினாள்.

"இம்புட்டும் எப்ப வந்துச்சு?"

"எப்பவும் இருக்குடா."

"பகல்லயும்?"

"பகல்லயும்."

ஷமீமா அந்தப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். மூன்று நட்சத்திரத்தையும் ஹஃப்ஸாவே எண்ணினாள், விரல் வைத்து. அப்புறம் நாலாவதாக ஒன்று, ஐந்தாவதாக ஒன்று.

நான் விடாமல் சிறுமலைப் பக்கம் கை நீட்டினேன். "அங்க கீழ ஒண்ணு இருக்கும் பாரு. தெரியுதா?"

கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தெரியலம்மா."

எனக்கும்தான் தெரியவில்லை. மலை மேலே மேகம்.