கெட்டிக்காரி

ட்வெய்ட்டா, ஒஸ்லோ
02.04.2025

என்ரை சூட்டியர்,

உங்களுக்குக் கடிதம் எழுதி முப்பது வருசம். அப்போது நான் பேசாலையில், நீங்கள் இங்கே. என்னுடைய ஐந்தாம் வகுப்பு எழுத்தைச் சிவப்புப் பேனையால் திருத்தி, அதையே திருப்பி அனுப்புவீர்கள். வெட்கத்தில் அழுவேன். பிறகு இன்னும் கவனமாக எழுதுவேன். இனித் திருத்த ஆளில்லை. பிழையோடு கிடக்கட்டும்.

உங்களை மண்ணில் வைத்து இன்றைக்குப் பன்னிரண்டு நாள். பிள்ளை எம்மா வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். பின்னேரம் வந்து சட்டியைத் திறந்து பார்க்கிறாள். நான் சாப்பிட்டேனா என்று என்னிடம் கேட்பதில்லை, சட்டியிடம்தான் கேட்கிறாள். அவளும் மெலிந்துபோனாள்.

போன கிழமை தெரியாத இலக்கத்தில் இருந்து போன் வந்தது. நீங்கள் பழக்கிய மாதிரி "நை தக்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வேண்டாம், நன்றி. பார்த்தால் எடுத்தது கோயில் ஒபிஸ். முப்பத்தோராம் நாள் பூசைக்கு நேரம் சொல்ல எடுத்திருக்கிறார்கள். எம்மா ஏசினாள். நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்கள்.

பதினாறு மாதம் அந்த நோகிற இடுப்போடு ஒப்பரேசன் வரிசையில் நின்றீர்கள். குடும்ப வைத்தியர் எழுதினார், ஆஸ்பத்திரி பதில் எழுதியது, பிறகு பொறுங்கள் என்று எழுதியது. சலவைக்கூடத்தில் ஈரப் படுக்கை விரிப்புகளை இழுத்து இழுத்து, வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்ற என்னைக் கூப்பிடுவீர்கள். அப்படிக் காத்திருந்த மனிசனை, சென்னையில் ஒப்பரேசன் செய்துகொண்டு வந்த மூன்றாம் நாள் லிஃப்டுக்குள் விழுந்தபோது, ஏழு நிமிசத்தில் வந்து தூக்கினார்கள். ஒரு கேள்வி இல்லை, ஒரு குரோணர் காசு கேட்கவில்லை. பிளேனில் அசையாமல் இருந்து இருந்து காலில் கட்டிய இரத்தம் நெஞ்சுக்குப் போய்விட்டது என்று டொக்டர் கையால் வரைந்து காட்டினார்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் படுத்து வந்தவர்களை இங்கே தனி அறையில்தான் வைப்பார்களாம், கிருமிச் சோதனை முடிவு வரும்வரை. எனக்கு மஞ்சள் அங்கி போட்டார்கள். வாயை மூடினார்கள். கைக்குக் கிளவுஸ். மூன்று நாளும் உங்கள் கையை அந்த ரப்பருக்குள்ளால்தான் பிடித்தேன். ஒருதரம் கழற்றட்டோ என்று எம்மாவைக் கொண்டு கேட்டேன். அந்த நேர்ஸ் பிள்ளை நல்லவள், கண் கலங்கிப் போனாள், ஆனால் இல்லை என்று தலையாட்டினாள். நீங்கள் போய் அடுத்த நாள் முடிவு வந்தது. உங்களில் ஒரு கிருமியும் இல்லையாம்.

செத்தவீட்டுக்குப் பாலேந்திரன் அண்ணை வந்தவர். அவர்தானே சென்னையில் தன் முழங்காலை ஒப்பரேசன் செய்துகொண்டு வந்து, சலவைக்கூடம் முழுக்க நடந்து நடந்து காட்டியவர். எம்மா எல்லாருக்கும் முன்னால் அவரிடம் போய்ச் சொன்னாள்: "மாமா, நீங்கள்தான் அப்பாவை அங்கை கொண்டுபோய் விட்டது."

அவர் தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார். நானும் பிள்ளையை மறிக்கவில்லை. எனக்கும் அதே நினைப்புத்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கக் கீழே போய்த் தபால் பெட்டியைத் திறந்தேன். அது உங்கள் வேலை, இப்போது நான் செய்கிறேன். இந்தியா முத்திரை குத்திய ஒரு கடிதம் கிடக்கிறது. உங்கள் எழுத்து. மேசையில் வைத்திருக்கிறேன். திறக்கக் கை வருகுதில்லை.

உங்கள்
ராணி


சென்னை
04.03.2025

அன்பின் ராணிக்கு,

போனில் தினமும் கதைக்கிறோம், பிறகேன் கடிதம் என்று யோசிப்பீர். இங்கே படுக்கைக்குப் பக்கத்தில் எழுதுகிற கடதாசியும் பேனையும் வைத்திருக்கிறார்கள். சும்மா கிடக்கிறதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. நான் வந்த பிறகுதான் இது வந்து சேரும். இரண்டு பேரும் இருந்து வாசிப்போம்.

ஒப்பரேசன் முடிந்து இன்றைக்கு ஏழாம் நாள். காலமை கதவுவரை நடந்து போய் வந்தேன். இங்கே கேட்க முன்னம் எல்லாம் வருகிறது. எங்கடை ஊர் ஆஸ்பத்திரியில் கேட்ட பிறகும் வராது. ஆனால் இங்கே நேர்ஸ்மார் என் தமிழைக் கேட்டு "சார் மலையாளமா?" என்கிறார்கள். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். விளங்கப்படுத்தக் களைப்பு.

யன்னலுக்கு நேரே அரசாங்க ஆஸ்பத்திரி. சனம் வாசலிலேயே பாயை விரித்துப் படுத்துக் கிடக்கிறது, ஆரோ பெயரைக் கூப்பிடும்வரை. நான் மெத்தையில் சாய்ந்துகொண்டு அவர்களைப் பார்க்கிறேன். பதினாறு மாதம் நானும் அவர்களில் ஒருவன்தானே. இப்போது வேலி பாய்ந்து இந்தப் பக்கம் வந்துவிட்டேன். சந்தோசமாக இல்லை ராணி. வெட்கமாகத்தான் இருக்கிறது.

பதினோராம் திகதி பிளேன் ஏறலாம் என்று டொக்டர் கடிதம் தந்துவிட்டார். இன்னும் ஒரு கிழமை நின்றால் நல்லது என்று ஒரு நேர்ஸ் பிள்ளை சொன்னாள். லீவு முடிகிறது, டிக்கெட்டும் மாற்ற ஏலாது.

இன்னொன்று. வெளிக்கிட முன்னம் குடும்ப வைத்தியரிடமும் ஆஸ்பத்திரியிலும் உம்முடைய நம்பரை எடுத்துவிட்டு என்னுடைய நம்பரைக் கொடுத்துவிட்டேன். வேலை நேரத்தில் என் போன் பூட்டின பெட்டிக்குள் கிடந்தாலும் பரவாயில்லை. உமக்கு இனிக் கரைச்சல் இல்லை.

நான் இங்கே வந்தது நின்று களைத்தபடியால். இதில் ஆரிலும் பிழை இல்லை. அதை மட்டும் நினைவில் வைத்திரும்.

பிள்ளைக்கு முத்தம்.

உமது
சூட்டி


ட்வெய்ட்டா
13.04.2025, குருத்து ஞாயிறு

என்ரை சூட்டியர்,

உங்கள் கடிதத்தைப் பத்துத்தரம் வாசித்துவிட்டேன். ஆரிலும் பிழை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாலேந்திரன் அண்ணையைக் காப்பாற்றத்தான் எழுதினீர்கள் என்று நினைத்தேன். எம்மாவிடம் காட்டினேன். "அப்பா எல்லாரையும் மன்னிப்பார், நான் மாட்டன்" என்றாள்.

நேற்று நினைவு அட்டைக்குப் படம் தேடினேன். நல்ல படம் ஒன்றும் இல்லை. எல்லாவற்றிலும் கமெராவை விட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். பாஸ்போட்டுக்கு எடுத்த படத்தில் மிச்சம் இருக்கும் என்று சென்னை ஆஸ்பத்திரிக் கடதாசிகள் வைத்த கோவையைத் திறந்தேன். எக்ஸ்-றே, மருந்துத் துண்டு, டிக்கெட். எக்ஸ்-றேக்குப் பின்னால் நாலாக மடித்த ஒரு கடதாசி. இங்கத்தைய ஆஸ்பத்திரியின் கடிதம்.

ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாவற்றையும் குசினி லாச்சியை இழுத்து அதற்குள் திகதிப்படி அடுக்கி வைப்பீர்களே. இது மட்டும் ஏன் கடல் தாண்டிப் போய் வந்தது? மூன்றாம் மாடிச் சிவமலரிடம் வாசிக்கக் கொண்டுபோனேன். அவள் முதலில் மனதுக்குள் வாசித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான் தமிழில் சொன்னாள்.

ஜனவரி இருபதாம் திகதி எழுதியிருக்கிறார்கள். வேறொரு நோயாளி வரமுடியாமல் போனதால், ஜனவரி இருபத்தொன்பதாம் திகதி உங்களுக்கு ஒப்பரேசன் செய்ய இடம் கிடைத்ததாம். அதைச் சொல்லப் பதினேழாம் திகதி நீங்கள் கொடுத்த இலக்கத்துக்கு இரண்டு தரம் போன் எடுத்தார்களாம். வேண்டாம் என்று பதில் வந்ததாம். வரிசையில் உங்கள் இடம் அப்படியே இருக்கிறது, அடுத்து செப்டம்பரில் பார்க்கலாமாம்.

அந்த இலக்கம் என்னுடையது.

எனக்கு அந்த நாள் நினைவு இருக்கிறது. பார்ணஹாகேயில், நான் கூட்டிக் கழுவும் அந்தப் பாலர் பள்ளியில், பிள்ளைகள் சப்பாத்துக் கழற்றும் இடம் முழுக்கச் சேறும் பனித்தண்ணியும். நான் கழுவிக்கொண்டு நின்றேன். கையில் கிளவுஸ், போனைத் தோளில் அமத்தினேன். ஒரு பொம்பிளைக் குரல். என்ன சொல்லுகிறாள் என்று நான் கேட்கவே இல்லை. "நை தக்" என்று வைத்தேன். திரும்ப எடுத்தாள். "நை தக், நை தக்" என்று வைத்தேன்.

முந்தி ஒருக்கால் போனில் கேட்டதற்கெல்லாம் "யா, யா" என்று சொல்லி, எங்கள் கரண்ட் கொம்பனியையே மாற்றிவிட்டேனே. அதற்குப் பிறகுதான் குசினியில் வைத்து என்னைப் பழக்கினீர்கள். அகப்பையைக் காதில் வைத்துக்கொண்டு நீங்கள்தான் கரண்ட் விற்கிறவர். "ஹலோ, மலிவாய்த் தாறம், வேணுமோ?" நான் நை தக். "சரி, பாதி விலைக்குத் தாறம்." நை தக். எம்மா சிரித்துச் சிரித்துத் தண்ணி புரைக்கேறிப் போனாள்.

கடதாசியின் பின்பக்கத்தில் இன்னும் ஒன்று இருக்கிறதாம். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வரிசை குறைவென்றால் அங்கே மாறலாம், ஒரு இலக்கத்துக்கு எடுத்தால் அவர்களே பார்த்துச் சொல்வார்கள், போக்குவரத்துக் காசும் அரசாங்கம் தருமாம். இந்த நாட்டுக்குள்ளேயே, ரயிலில் போய்வரும் தூரத்தில். முன்பக்கத்தை வாசித்த கையோடு மடித்துவிட்டீர்களாக்கும். கால் நோவோடு நின்றுகொண்டு ஆர் பின்பக்கம் பார்ப்பது.

சிவமலர் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள்: "அக்கா, இதைக் கிழிச்சு எறியுங்கோ. அண்ணையே ஒளிச்சு வைச்சவர். எம்மாவுக்குத் தெரிஞ்சால் உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

கிழிக்கவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு மேலே வந்தேன். எம்மா சட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் காட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை உங்கள் முப்பத்தோராம் நாள். பாலேந்திரன் அண்ணை வரக்கூடாது என்று எம்மா ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறாள்.

உங்கள்
ராணி


ட்வெய்ட்டா
27.04.2025

என்ரை சூட்டியர்,

முப்பத்தோராம் நாள் பூசை நடந்தது. பாதர் உங்கள் பெயரை வடிவாகச் சொன்னார், அருட்பிரகாசம் என்று முழுதாக. சனம் வந்தது. பாலேந்திரன் அண்ணை உள்ளே வரவில்லை. பூசை முடிந்து வெளியே வர, றோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறார். அவருக்கு அங்கே பஸ் இல்லை. ஆட்கள் கலையும்வரை நின்றுவிட்டுப் போனார். எம்மா கண்டுவிட்டுக் கண்டும் காணாத மாதிரித் திரும்பினாள். என் சட்டைக்குள் அந்தக் கடதாசி கிடந்தது.

பெரிய வெள்ளியும் போய், பாஸ்காவும் போயிற்று. பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. பாதரிடம் சொல்லிவிட்டு வீட்டில் சொல்லாமல் இருக்க எனக்கு ஏலாது. அதனால் முதலில் வீட்டில் சொன்னேன்.

பாஸ்கா முடிந்த கையோடு என்று நினைக்கிறீர்களா? இல்லை, நேற்று. அவ்வளவு நாள் எடுத்தது. எம்மா சாப்பிட்டு முடியட்டும் என்று பார்த்திருந்து, கடதாசியை விரித்து அவளுக்கு முன்னால் வைத்தேன். "இரண்டு பக்கமும் வாசி" என்றேன். வாசித்தாள். எழும்பிப் போய்க் கழுவின கோப்பையையே திரும்பக் கழுவினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள்: "அம்மா, நீங்கள் அப்பாட்டைச் சொன்னனீங்களோ?"

"எனக்கே தெரியாது பிள்ளை."

"அவருக்குத் தெரியுமோ?"

"இது அவரின்ரை கோவைக்குள்ளை கிடந்தது."

கனநேரம் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன், இல்லை. ஏசுவாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. கோட்டைப் போட்டாள். என்னுடைய கோட்டையும் எடுத்துத் தந்தாள். டி-பான் ரயிலில் ஏறி இருந்த பிறகுதான் குரோருட்டுக்குப் போகிறோம் என்று எனக்கு விளங்கியது. மாறி ஏறும் இடத்தில் என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

பாலேந்திரன் அண்ணை கதவைத் திறந்தார். எங்களைக் கண்டதும் பயந்து போனார், பாவம். நான் செருப்புக் கழற்றும் இடத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எம்மா "மாமா" என்று தொடங்கினாள், மிச்சம் வரவில்லை. அவர் அவளின் தலையில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தங்கச்சி, நான் நடந்து காட்டாட்டி அவன் பிளேன் ஏறியிருக்க மாட்டான். அதிலை பாதி என்ரை. முழுசா உங்களுக்குத் தரமாட்டன்."

தேத்தண்ணி ஊற்றித் தந்தார். குடித்தோம். மூன்று பேரும் உங்களைப் பற்றிக் கதைக்கவில்லை. அவருடைய முழங்கால் திரும்ப நோகிறதாம், அதைப் பற்றிக் கதைத்தோம். இங்கேயே காட்டப் போகிறாராம். வரிசையில் பெயர் கொடுத்துவிட்டாராம்.

இரவு எம்மா என் கட்டிலில் வந்து படுத்தாள். சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுத்தாள். ஆனால் வந்தாள்.

ஒன்றை மட்டும் அவளுக்கும் சொல்லவில்லை. அதை உங்களிடம்தான் கேட்கவேண்டும்.

என் நம்பரை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த நாளில் இருந்து, ஒவ்வொரு பின்னேரமும் வேலையால் வந்ததும் ஒரே கேள்விதான் கேட்பீர்கள். "ஏதும் போன் வந்ததோ ராணி?" நான் இல்லை என்பேன். ஜனவரியில் அந்தக் கிழமையோ அதற்கு அடுத்த கிழமையோ, ஒரு பின்னேரம். எந்த நாள் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. வெளியே பனி கொட்டியது. நான் புட்டு அவித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கீழே தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு மேலே வந்தீர்கள். கோட்டும் கழற்றவில்லை, சப்பாத்தைக் கழற்ற என்னைக் கூப்பிடவும் இல்லை. குசினி வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்டீர்கள்.

நான் சொன்னேன்: "கரண்ட் விக்கிறவள் ஒருத்தி ரெண்டு தரம் எடுத்தவள். நீங்கள் சொல்லித் தந்த மாதிரியே சொல்லி வைச்சிட்டன்."

நீங்கள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டீர்கள். இடுப்பு நோகுதாக்கும் என்று நினைத்தேன். பிறகு கிட்ட வந்து, குளிர்ந்த கையால் என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்றீர்கள். கை கழுவிவிட்டு வந்து இரண்டு தரம் புட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

அந்த நேரம் அந்தக் கடிதம் உங்கள் கோட் பைக்குள் இருந்ததா, சூட்டியர்?