பசை காயும் அரைமணி நேரம்

என் வீட்டு மகாராணிக்கு, நான் நலம். உன் முட்டிவலி அடங்கியதா, உன்னைப் போலவே அடம்பிடிக்கிறதா?

ஒரு கூத்து கேள்! வணிகப் படிப்பில் பெரிய பட்டம் வாங்கிய எங்கள் புது மேலாளர், செருப்பில் பசை காயும் அரைமணி நேரத்தை வீண் என்று வெட்டிவிட்டார். கப்பலேறிய செருப்பெல்லாம் அடி தனி, மேல் தனியாகத் திரும்பி வந்தது. இப்படியே போனால் இந்த நாட்டுச் சரக்கை எவன் வாங்குவான்? ஆலைக்கும் பூட்டுதான்.

"சார், நாங்க சும்மா நிக்கல, பசை காயுது" என்றேன்.

"இத எங்க காலேஜ்ல யாருமே சொல்லலையே!" என்றார், பாவம்.

அரைமணி திரும்பக் கிடைத்துவிட்டது! நாளை முதல் அவருக்கு நாலாம் வகுப்பு படித்த நான்தான் வாத்தியார்!

மகளை அந்த வணிகப் படிப்பிலேயே சேர்த்துவிடு. விடுமுறையில் மட்டும் ஏதாவது பட்டறையில் நிற்கட்டும். என் சட்டைக்கு இரண்டு பித்தான் அனுப்பு. இங்கேயும் கிடைக்கும், நீ எடுத்ததுதான் வேண்டும்.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். நானும் இங்கே ஒரு வருடமாகக் காய்கிறேன். நம் பசை பிரியாது.