சர்ச் வரைக்குமான ரோடு

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெயிலில் குளிர் அதிகம் என்றார்கள். போர்வை கொடுத்துவிட்டிருக்கிறேன்.

மகளை ஓடவிடுகிறாயா என்று கேட்டிருந்தீர்கள். ஓடினால்தான் அவள் நெஞ்சுச் சளி இளகும் என்று டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. "ஓடு மக்கா, ஓடி இருமித் துப்பு" என்று நீங்கள் அவளை சர்ச் வரைக்கும் விரட்டுவீர்கள். சுகமில்லாத பிள்ளையைப் போர்த்திப் படுக்க வைக்காமல் இதென்ன கொடுமை என்று ஊரே ஏசியது.

நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போய் நீங்கள் பிடிபட்ட அன்றிலிருந்து, சர்ச்சுக்குப் போகும் பாறசாலை ரோடு முழுக்கப் போலீஸ். கதவைச் சாத்தி வைத்தேன். அவள் அடுக்களைக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். "இங்க ஓட எடம் இல்லையாக்கும் அம்மா" என்று ஒருநாள் படுத்துவிட்டாள். பிறகு இருமக்கூடத் தெம்பில்லை. முத்தமிட்டால் நெற்றி எப்போதும்போல் அவள் சீக்கின் உப்புக் கரித்தது.

நீங்கள் தாலுகா தாலுகாவாகக் கேட்டீர்கள். அவளுக்கு அந்த ரோடு மட்டும் போதுமாயிருந்தது.

இப்போது போலீஸ் இல்லை. விடுதலையாகி வரும்போது நேரே வீட்டுக்கு வரவேண்டாம். முதலில் சர்ச்சுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். நீங்கள் ஓடவிட்ட அதே தூரம்தான்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா