இரண்டா, நான்கா

உத்திரமேரூர்
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சிராஜுதீனுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் இங்கே நானும் அம்மாவும் தங்கச்சி முஸ்கானும் சுகம். டொரொண்டோவில் நீயும் மருமகள் ஷிபானாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். போனில் கேட்டால் சிக்னல் சரியில்லை என்று நழுவிவிடுவாய், அதனால்தான் கடிதம். முஸ்கானுக்கு வாலாஜாபாத்தில் வேலை கிடைத்துவிட்டது, காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டில் இருக்கிறாள்.

லீவு முடிந்து நீ கிளம்பிய அன்று அவள்தான் பார்த்துச் சொன்னாள், சென்னையிலிருந்து உங்கள் ஏர்போர்ட் பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், நடுவில் ஒரு இடத்தில் இறங்கி ஏறி இருபத்திரண்டு மணி நேரம் என்று. வரும்போது இருபது மணி நேரம்தானே என்றேன். எதிர்க்காற்று அத்தா என்கிறாள். முப்பது வருஷமாக ஹார்டுவேர் கடையில் கயிறு அளக்கிறவன் நான், எந்த முனையிலிருந்து அளந்தாலும் கயிறு ஒரே நீளம்தான். திரும்பிப் போகும்போது மட்டும் இரண்டு மணி நேரம் கூடினால் சந்தேகம் வராதா? சரி, காற்றென்றே வைத்துக்கொள்கிறேன். என் உண்மையான சந்தேகம் வேறு.

நீ வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் மாடிக்கு வந்தேன். தனியாகத் தொழுதுகொண்டிருந்தாய். நான்கு ரக்அத் தொழ வேண்டியவன் இரண்டிலேயே சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழுந்துவிட்டாய். பயணிக்குத்தான் நான்கு இரண்டாகும், சொந்த ஊருக்குள் கால் வைத்துவிட்டால் ஒரு வேளை தங்கினாலும் நான்குதான், இது உனக்குத் தெரியாததல்ல. அம்மாவிடம் சொன்னேன். "புள்ள ஃப்ளைட்ல வந்த அசதியில மறந்துட்டு இருப்பான், இன்னாத்துக்கு இதையே புடிச்சிக்கினு கீறீங்க" என்றாள். மறுநாள் மத்தியான லுஹரும் இரண்டு. அதற்கு மறுநாளும் இரண்டு. அசதி இத்தனை நாளா இருக்கும்? பள்ளிவாசலில் மட்டும் இமாம் பின்னால் நின்று நான்கு தொழுதாய், அங்கே வேறு வழியில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் யாரோ ஒருவர் விஷயம் போலக் கேட்டுப் பார்த்தேன். "குடும்பத்தோட வேற ஊர்லயே இருந்துடலாம்னு முடிவு பண்ணிட்டவன் பழைய ஊருக்கு வந்தா முசாபிர்தான் பாய், வெறும் பயணிதான்" என்றார். பிறப்புச் சான்றிதழையும் பள்ளிக்கூட சர்டிபிகேட்டையும் பீரோவிலிருந்து எதற்கு எடுத்துப் போனாய் என்றும் இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது. ரெண்டே வருசம் அத்தா, வந்துடுறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் நீ. அல்லாஹ்வுக்கு முன்னால் பொய் சொல்ல மனம் வராமல் இரண்டு தொழுதிருக்கிறாய், என்னிடம் மட்டும் சொல்லவில்லை. அதுதான்டா எனக்குத் தாங்கவில்லை.

பனியில் ஷிபானாவைத் தனியாகக் கார் எடுக்க விடாதே. காதை மூடிக்கொண்டு வெளியே போ. ரம்ஜானுக்கு வருவதாகச் சொன்னாய், எத்தனை மணி நேரப் பயணம் என்று இனிமேல் நான் கேட்கப் போவதில்லை, வந்தால் எத்தனை ரக்அத் தொழுவாய் என்று மட்டும் எழுது. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். ஒன்று மறந்துவிடாதே, பதில் இரண்டு என்றால் கடை விலாசத்துக்குப் போடு. வீட்டுக்கு வந்தால் அம்மா பிரித்துவிடுவாள், அவள் இன்னும் அசதி என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு
உன் அத்தா
கிதர் முகம்மது