அபாயம் நீங்கியது

1927 பிப்ரவரி 8
காலையில் ஆஸ்பத்திரிக்கு ஒரு மண்டைக் காயம். மயில்வாகனம், பட்டுத்தறி நெய்பவன், இளவயது. தறிகளைப் பங்கு பிரிப்பதில் சண்டை. அண்ணன் பரமசிவம் கட்டையால் அடித்துவிட்டான். பிறகு அவனே முதுகில் சுமந்து கொண்டுவந்தான். வாசலிலேயே போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டது.

பிப்ரவரி 10
நினைவு தெளிந்தது. கஞ்சி குடித்தான். "அண்ணன் சாப்டுச்சா?" என்றான். அண்ணன் சப்ஜெயிலில் இருப்பதை நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 11
பரமசிவத்துக்கு ஜாமீன் மனு. மாஜிஸ்திரேட் கிருஷ்ணஸ்வாமி என்னைத் தம் அறைக்கு அழைத்தார். "ஓடிப்போவானா, சாட்சியைக் கலைப்பானான்னு நான் பார்த்துக்கறேன், டாக்டர். அடிபட்டவன் பிழைப்பானா? அதை நீர்தான் சொல்லணும். பிழைப்பான்னா இவனை விட்டுடறேன்."
இன்னும் சில நாள் பார்க்கலாம் என்றேன்.
வெளியே தாய் எல்லம்மாள். "ஒண்ணு இங்க கெடக்குது, ஒண்ணு அங்க கெடக்குது. ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க சாமி."

பிப்ரவரி 12
எழுதிக் கொடுத்துவிட்டேன்: அபாயம் நீங்கியது. காய்ச்சல் இல்லை, பேச்சில் தடுமாற்றம் இல்லை. லேசாகத் தலைவலி என்றான் — அத்தனை பெரிய காயம் வலிக்காதா?
மாலையில் ஜாமீனில் வந்த பரமசிவம் கட்டிலின் கால்மாட்டில் நின்றான். "அடிச்சிட்டேன்டா."
"வுடுண்ணா. அம்மாவ அழ வேணாம்னு சொல்லு."

பிப்ரவரி 14
விடியும்போது வலிப்பு. வலது கண்பாவை விரிந்துவிட்டது. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. மத்தியானத்துக்குள் போய்விட்டான்.
மண்டைக்குள்ளே நான் எப்படிப் பார்ப்பேன்? இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா — ஏன் அவசரப்பட்டேன்?

பிப்ரவரி 15
பரமசிவம்தான் கொள்ளி வைத்தான். பாலாற்றிலிருந்து ஈர வேட்டியோடு நேரே கோர்ட்டுக்கு வந்து நின்றான். யாரும் பிடித்து வரவில்லை. மாஜிஸ்திரேட் ஜாமீனை ரத்து செய்தார். "நீ ஓடமாட்டே, தெரியறது. ஆனா இப்போ இது கொலைக் கேஸ். உன்னை வெளியே விட எனக்கு அதிகாரம் இல்லை."
"வுட வேணாங்க," என்றான்.
மாலை வண்டியில் செங்கல்பட்டு ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். எல்லம்மாளும் அதே வண்டியில் ஏறிவிட்டாளாம்.
என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 2
கூரம் கிராமத்திலிருந்து வந்த வெட்டுக் காயக்காரன் எழுந்து நடமாடுகிறான். வார்டில் எல்லோரிடமும் வம்பு பேசுகிறான். வெட்டியவன் இன்னும் சப்ஜெயிலில். அபாயம் நீங்கியதென்று சர்டிபிகேட் கேட்டு மாஜிஸ்திரேட் மறுபடி ஆள் அனுப்பினார். இன்றும், நாளை பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.